வண்டியின் வடிவை வகுப்பது யார்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் புறப்படுகிறவர்கள், காலாப்பட்டைக் கடந்து எங்கள் பிரதேசத்தின் எல்லையை அடையுமுன் காணும் ஊர் கனகசெட்டிக்குளம். அது என் ஊர். ஒருபுறம் கடல், ஊரை ஊடறுத்து ஓடும் இந்தச் சாலை. மோட்டார் கார்மீது பித்துக் கொண்ட ஒருவனுக்கு இதனினும் நல்ல இருப்பிடம் வாய்க்காது. சனி, ஞாயிறுகளில் இவ்வழியே போகாத கார் இல்லை என்றே சொல்லலாம்.

அவற்றுள் பல, 'பி.ஒய்.' என்னும் எழுத்துகளைத் தாங்கிச் செல்லும். அத்தனையும் புதுச்சேரிவாசிகளுடையவை என்று எண்ணிவிட வேண்டாம். விலையுயர்ந்த கார்களுக்கு இங்கே விதிக்கப்படும் வரி, அண்டை மாநிலங்களைவிட நெடுங்காலம் குறைவாக இருந்து வந்தது. அதனால், இங்கே ஓர் இரவும் தங்கியிராத செல்வர்கள்கூடப் புதுச்சேரியில் ஒரு முகவரியைத் தேடிக்கொண்டார்கள். 2017-ஆம் ஆண்டில் கேரளத்தில் இது விசாரணைவரை சென்றது. வரி ஒரு காரின் எண்பலகையை மாற்றவல்லது என்பதை இதிலிருந்து அறிகிறோம். அது காரின் உருவத்தையே மாற்றவல்லது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

"எந்தக் கம்பெனியின் கார் சிறந்தது, ஐயா?" என்று கல்லூரி மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. கம்பெனியின் பெயரைப் பிறகு கேளுங்கள். அந்தக் கார் எந்தச் சட்டத்தின் வயிற்றில் பிறந்தது என்று முதலில் கேளுங்கள் என்பேன். இது வேடிக்கைப் பேச்சு அன்று. பிரிட்டனில் 1947-ஆம் ஆண்டுவரை, என்ஜினின் உருளை எத்தனை அகலம் என்பதைக் கணக்கிட்டே கார் வரி விதித்தார்கள். பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? உருளையை ஒடுக்கினார்கள், உந்து தண்டு மேலும் கீழும் ஓடும் தூரத்தை நீட்டினார்கள். அந்நாட்டு என்ஜின்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் வளர்ந்ததற்கு வரிக்கணக்கு ஒரு பெருங்காரணம். ஜப்பானியர் இன்னும் தெளிவாகச் செய்தார்கள். இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன என்ஜின் அளவு, இவற்றுக்கு உட்பட்ட காருக்குச் சலுகை என்று விதி வகுத்தார்கள். 'கேய்' என்ற குட்டிக் கார்களின் குலம் அங்கே தழைத்தது அவ்விதியால்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1950-களின் முற்பகுதியில் அரசாங்கம் ஒரு நிபந்தனை விதித்தது. உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுப்பது மட்டும் போதாது. இந்நாட்டிலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என மூன்று கார்க் கம்பெனிகளே முன்னணியில் நின்றன. 1948-இல் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டி வந்த எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், லேலண்டுடன் சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாற்றிக்கொண்டு, லாரியும் பஸ்ஸும் செய்வதில் முனைந்தது. பின்னர் முப்பதாண்டுக் காலம் கார் வாங்குகிறவனுக்குத் தேர்ந்தெடுக்கும் வேலை அதிகம் இல்லை. காத்திருக்கும் வேலை இருந்தது.

இம்மூன்றில் சென்னைக் கம்பெனியின்மீது எனக்குத் தனிப்பட்ட பற்று. 1961-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோத்தி வரைந்த கார். 948 சி.சி. என்ஜின், கதவு இரண்டே. முன்பக்கம் முழுவதையும், மட்கார்டு உட்பட, மலர் விரிவதுபோல் முன்னோக்கிக் கவிழ்த்துத் திறக்கலாம். மெக்கானிக் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைப் பழுது பார்ப்பார். தனிச் சட்டத்தின்மீது உடலைத் துண்டு துண்டாக முறுக்காணியால் பொருத்தியிருந்தார்கள். அது ஏதோ அழகுணர்ச்சியால் வந்ததன்று. பிரிட்டனில் முழு உடலையும் வார்த்துக் கொடுத்து வந்த நிறுவனம் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், துண்டுகளாகச் செய்து பூட்ட வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடி நமக்கு வரமாக வந்தது. மோதி நசுங்கிய துண்டை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மேலும் 25 அடி வட்டத்துக்குள் அந்தக் கார் திரும்பும். புதுச்சேரியின் பழைய தெருக்களில் அதன் அருமை தெரியும்.

அதே கம்பெனி 1985-ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டது. உடல், 1977-ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று ஐரோப்பாவில் பரிசு பெற்ற ரோவரின் உடல். பார்த்தவர் மயங்குவர். உள்ளே வைத்த என்ஜினோ, யுத்தம் முடிந்த காலத்து வான்கார்டு வமிசத்தைச் சேர்ந்த 1991 சி.சி. கிழம். பெட்ரோலைக் குடித்தது, ஓடத் தயங்கியது. பட்டு வேட்டி கட்டிய பாட்டனாரை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தினால் எப்படியோ, அப்படி. 1988-இல் உற்பத்தி நின்றது. கம்பெனியாரின் திறமைக்குறைவு என்று இதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவது நியாயம் ஆகாது. புது என்ஜினை இறக்குமதி செய்ய அந்நாளைய விதிகள் எளிதில் இடந்தரவில்லை. உள்ளதைக் கொண்டே ஒப்பேற்றினார்கள்.

இதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. அது ஜப்பானியக் குட்டிக் கார் குலத்தின் குழந்தை. 796 சி.சி.; மூன்று உருளை; எடை சுமார் 650 கிலோ. ஜப்பானின் ஒரு வரிவிதி, கடல் தாண்டி நம் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வண்டியை வார்த்துக் கொடுத்தது என்றால் மிகையன்று.

நம் அரசாங்கமும் பிற்பாடு ஓர் அளவுகோலை எடுத்தது. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 4 மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோல் என்ஜினானால் 1200 சி.சி.க்கும், டீசல் என்ஜினானால் 1500 சி.சி.க்கும் மிகாத கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. நோக்கம் நல்லது; சிறிய கார் பெருக வேண்டும் என்பது. நிகழ்ந்தது என்ன? நீண்ட கார்களுக்கு வால் வெட்டும் வைபவம் தொடங்கியது! 4160 மில்லிமீட்டர் நீண்டிருந்த ஸ்விஃப்ட் டிசயர், 2012-இல் 3995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. பெட்டி வைக்கும் பகுதி, கத்திரித்த சேவல் வாலைப்போல் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு செய்த ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3999 மில்லிமீட்டர். ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுக்கம்! திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் சி3 பிரெஞ்சுப் பெயர் தாங்கியது; அதுவும் 3981 மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறது. எந்த நாட்டுக் கம்பெனி வந்தாலும் அளவெடுக்கும் தையற்காரர் தில்லியில் இருக்கிறார்.

நீளத்துக்குத் தடை வந்ததும் கார் எந்தத் திசையில் வளரும்? மேல்நோக்கித்தான் வளரும். இன்று நாட்டில் விற்கும் பயணிகள் வண்டிகளில் பாதிக்கு மேல் எஸ்.யு.வி. என்னும் உயர்ந்த இனத்தைச் சேர்ந்தவை. நம் சாலைக் குழிகளுக்கும் மழைவெள்ளத்துக்கும் சற்று உயர்ந்த அடிவயிறு தேவை என்பதை மறுக்கவில்லை. முதியவர்கள் குனியாமல் ஏறி அமர்வதும் ஒரு வசதியே. ஆனால் அடிவயிறு உயர்வது வேறு. மூக்கு உயர்வது வேறு. சுவர்போல் நிமிர்ந்த முன்முகம் எந்தக் குழியையும் கடக்க உதவுவதில்லை. அது எதிரில் வருகிறவனை விலகச் சொல்லும் மிரட்டல். வேறு பயன் எதையும் நான் அதில் கண்டதில்லை.

என் ஊரில் இது வெறும் ரசனைப் பிரச்சினை அன்று. பள்ளிப் பிள்ளைகளும், தலையில் கூடை சுமந்த பெண்களும் கடக்கும் சாலை இது. தாழ்ந்த மூக்குள்ள கார் ஒருவரை மோதினால் பெரும்பாலும் காலில் அடிபட்டு, உடல் போனெட்டின்மீது சரியும். உயர்ந்த மூக்குள்ள வண்டி மார்பையோ தலையையோ நேராகத் தாக்கும். குழந்தையானால் சொல்லவே வேண்டியதில்லை. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம், சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டது. போனெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்கு மிகாதவற்றைவிட, மோதப்பட்டவரைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்பது அம்முடிவு. காரின் உள்ளே அமர்ந்திருப்பவருக்கு எத்தனை நட்சத்திரப் பாதுகாப்பு என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. வெளியே நடப்பவருக்கு எத்தனை நட்சத்திரம் என்று வாங்குகிறவர் எவரும் கேட்கக் காணோம்.

2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரி திருத்தப்பட்டபோது சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று வகுத்தார்கள். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதமே. ஆனால் சிறியது எது என்று தீர்மானிக்க அதே 4 மீட்டர் கோலும் அதே சி.சி. கணக்குமே வந்தன. மின்சாரக் காருக்கோ அந்தக் கோலும் இல்லை. அதன் அடியில் கிடக்கும் மின்கலத்தின் பாரமோ பல நூறு கிலோ. மாருதி 800-ஐப் போல் மூன்று மடங்கு எடையுள்ள வண்டி, அதே வேகத்தில் ஓடினால், மூன்று மடங்கு இயக்க ஆற்றலைச் சுமந்து செல்கிறது என்பதைப் பௌதிகம் படிக்கும் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரான்சில் 2022-ஆம் ஆண்டு முதல், 1800 கிலோவுக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு எடை வரி விதித்தார்கள். 2024-இல் அந்த வரம்பை 1600 கிலோவாக இறக்கினார்கள். நம்முடைய வரி அதிகாரிகளும் அளவுநாடாவோடு தராசு ஒன்றையும் எடுத்துவரலாம். நாடாவை நீளவாக்கில் பிடித்தது போதும். ஒருமுறை காரின் மூக்கருகே நிறுத்திப் பிடித்துப் பார்க்கட்டும். வாலை வெட்டத் தெரிந்த பொறியாளர்களுக்கு மூக்கைத் தாழ்த்த நெடுநாள் பிடிக்காது.