அடி தலையில், குழாய் சிறுநீருக்கா?



தலையில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். சிறுநீருக்குக் குழாய் வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பை நிறைகிறது. வீட்டார் பயந்து போகிறார்கள். "அடி தலையில்தானே? சிறுநீர் ஏன் இப்படிப் போகிறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

காலில் அடிபட்டால் கால் வீங்கும். தோல் விரிந்து இடம் கொடுக்கும். மண்டை ஓடு கெட்டியான எலும்பு. அது விரியாது. உள்ளே மூளை வீங்கினாலும், இரத்தம் கசிந்து கட்டினாலும் இடம் போதாது. அழுத்தம் ஏறும். மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். உயிருக்கே ஆபத்து வரும்.

இந்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளில் ஒன்று மானிட்டால். மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விடுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். மருந்து இரத்தத்தில் கலக்கிறது. மூளையில் உள்ள நீரை இரத்தத்துக்கு இழுக்கிறது. அந்த நீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. வீக்கம் குறைகிறது. பை நிறைவது இதனால்தான்.

ஆனால் இதன் பலன் சில மணி நேரமே இருக்கும். அந்த அவகாசத்துக்குள் டாக்டர்கள் ஸ்கேன் பார்ப்பார்கள். பெரிய இரத்தக்கட்டி இருந்தால் அறுவை சிகிச்சை செய்வார்கள். ஆகவே சீக்கிரம் போய்ச் சேருவதுதான் முக்கியம்.

இந்த மருந்தை அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மீறினால் சிறுநீரகம் கெடும். உடலில் உப்புகளின் அளவு மாறும். சிறுநீரக நோய் உள்ளவர் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இரத்தக் கொதிப்புக்காக வீட்டில் வைத்திருக்கும் நீர் மாத்திரையை யாரும் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசலாம். சில மணி நேரம் கழித்து மயங்கி விழலாம். அதனால் அவரைத் தனியே விடக் கூடாது. கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி.
கூடிக்கொண்டே போகும் தலைவலி.
எழுப்பினாலும் தெளியாத தூக்கம்.
வலிப்பு.
ஒரு கை அல்லது காலில் பலக்குறைவு.

இப்படிப்பட்டவருக்குச் சோடா, காபி எதுவும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. பல மாநிலங்களில் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். சாலையில் கிடப்பவரைத் தூக்கினால் வழக்கு வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல எண்ணத்தோடு உதவுபவருக்கு அது பாதுகாப்புத் தருகிறது.

பயந்து ஒதுங்க வேண்டாம். நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் ஓர் உயிருக்கு உதவும்.