காட்டுப் பழமும் கடன் கணக்கும்

(தோட்ட மக்கள் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கிழமை நம்ம லயத்துத் தம்பிமார் இரண்டு பேர் வந்து, "ஐயா, பின்லாந்துல காட்டுப் பழம் பறிக்கிற வேலையாம். ஏஜென்சிக்காரர் சொல்றார். போகலாமா?" என்று கேட்டார்கள். அந்த வேலையைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

பின்லாந்தும் சுவீடனும் வடதுருவத்துக்குக் கிட்ட உள்ள நாடுகள். அங்கே பைன் காடுகளில், முழங்காலுக்கும் எட்டாத செடியில் காட்டு புளூபெர்ரி தானாகக் காய்க்கிறது. சின்னக் கருநீலப் பழம். நாவற்பழம் மாதிரி நாக்கில் சாயம் பிடிக்கும். யாருடைய காடானாலும் கேட்காமல் பறிக்கலாம் என்பது அந்த நாட்டு உரிமை. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் பறிப்பு. சீப்புப் போலப் பல் வைத்த கைப்பெட்டியால் செடியை வாரினால் பழம் உள்ளே விழும். இலை, குச்சி நீக்கி நிறுத்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த முதுகு, நுளம்புக்கடி.

தாய்லாந்தின் வடகிழக்கு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் இதற்குப் போனார்கள். விமானம், விசா, சாப்பாடு, தங்குமிடம், வாகனம் எல்லாம் அவர்கள் செலவு. அநேகர் கடன்பட்டுத்தான் போனார்கள். கிலோவுக்குத்தான் காசு. நல்ல விளைச்சலில் நல்ல காசோடு திரும்பியவர்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பூக்கிற நேரம் உறைபனி விழுந்தால் பழம் குறையும். பழம் இல்லாத நாளிலும் சாப்பாட்டுக் காசு ஏறிக்கொண்டே போகும்.

நாம் கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள் என்று சண்டை பிடிக்கிறோம். பின்லாந்தில் அவர்களுக்குப் பேரே இருந்ததில்லை. சொந்தமாகப் பறித்து விற்கிறவர்கள் என்று சொல்லி, தொழிலாளர் கணக்கில் சேர்க்கவில்லை. 2018இல் அந்த நாட்டு நீதிமன்றம் 26 தாய்லாந்துக்காரர்கள் சம்பந்தமான வழக்கில், பழ வியாபாரி ஒருவரை ஆட்கடத்தல் குற்றவாளி என்று தீர்த்தது. 2025 முதல்தான் வெளிநாட்டிலிருந்து கூட்டி வருகிறவர்களுக்கு வேலை ஒப்பந்தம் வேண்டும் என்ற முறை வந்தது.

இந்தக் கதை நமக்குப் புதிதா? நம்ம பாட்டன்மாரையும் முன்பணம் கொடுத்துத்தான் கூட்டி வந்தார்கள். கடனைத் துண்டில் எழுதி, கடன் தீராமல் வேறு தோட்டம் போக விடவில்லை. 1921இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. பிள்ளைகள் திரும்பவும் ஒரு துண்டில் கையெழுத்து வைக்கக் கூடாது.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேளுங்கள். பழம் இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டா? என்னென்ன காசு வெட்டுவார்கள்? ஒப்பந்தம் தமிழில் எழுதித் தருவார்களா? ஏஜென்சிக்கு அனுமதி உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். அதுவரைக்கும் அம்மாவின் தோட்டை அடகு வைக்காதீர்கள்.

சந்தேகம் என்றால் கடதாசியை என்னிடம் கொண்டு வாங்க. உட்கார்ந்து சேர்ந்தே வாசிப்போம்.