நெஞ்செரிச்சலும் மருந்துக் கடையும்

(சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவில் வயிறு புடைக்க உண்டு உடனே படுக்கிறோம். புளிப்பு மேலேறி நெஞ்சு எரிகிறது. உண்டபின் 3 மணி நேரம் கழித்துப் படுங்கள். பலருக்கு அதுவே போதும்.

மருந்துக் கடையில் வெறுமனே 'வயிற்று மருந்து' கேட்காதீர்கள். தோள் வலிக்கு, முட்டி வலிக்கு விழுங்கும் மாத்திரையையும் சொல்லுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்குளோபினாக் ஆகியவை வயிற்றைப் புண்ணாக்கக்கூடியவை. நானும் முதுகு வலிக்கு ஒன்றை விழுங்கி, அதனால் வந்த எரிச்சலுக்கு இன்னொன்றை விழுங்கியவன்தான்! கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, உணவு விழுங்க முடியாமற் போனாலோ கடையில் நிற்காதீர்கள். நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்குப் பரவினால் அது இருதய நோயாகவும் இருக்கலாம். அன்றைக் கூலியைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.