ஆங்கிலச் சொல்லும் அது நிற்கும் இடமும்

ஆங்கிலம் கற்பிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு இது. ஆகவே வகுப்பறையில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

'ரவுண்ட்' பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா? மேசையின் வட்ட வடிவத்தைச் சொன்னால் அது பெயரடை. குத்துச்சண்டையின் மூன்றாம் ரவுண்ட் என்றால் பெயர். கப்பல் ஒரு முனையைச் சுற்றிக் கடக்கிறது என்றால் அதுவே வினை. 'டர்ன்' என்ற வினையோடு சேர்ந்து 'திரும்பு' என்று பொருள் தரும்போது வினையடை. தோட்டத்தைச் சுற்றி வேலி என்னும்போது முன்னிடைச்சொல். வேலை ஐந்து, எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நம் பிள்ளைகள் இங்கே திகைப்பது இயல்பு. 'மரத்தை வெட்டினான்' என்பதில் எது செயப்படுபொருள், எது வினை என்பதை உருபும் விகுதியுமே காட்டிவிடுகின்றன. 'வெட்டினான் மரத்தை' என்று மாற்றினாலும் பொருள் குலைவதில்லை. ஆங்கிலமும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அன்பு 'லுஃபு'. அன்பு செய்தல் 'லுஃபியன்'. பின்வந்த நூற்றாண்டுகளில் சொற்களின் கடைசி அசைகள் பேச்சில் மெலிந்து, தேய்ந்து, மறைந்தன. இன்று இரண்டும் 'லவ்'. 'ஆன்சர்' என்பதன் கதையும் இதுவே. ஈறுகள் தேயத் தேய, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இறுகியது. எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தின் வேலையைச் சொல் ஏற்றுக்கொண்டது. வழி திறந்தபின் புதிய சொற்களும் அதே தடத்தில் நடந்தன.

இதை எதிர்த்தவர்களும் உண்டு, அவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். 1789 டிசம்பரில், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பெஞ்சமின் பிராங்க்ளின் அகராதி அறிஞர் நோவா வெப்ஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் பிரான்சில் இருந்த காலத்தில் 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரஸ்' என்ற பெயர்களை வினைகளாக வழங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று வருந்தி, அவற்றுள் 'ப்ராக்ரஸ்'தான் மிக மோசம் என்றார். ஆனால் ஷேக்ஸ்பியர் தம் 'கிங் ஜான்' நாடகத்தில் அதை முன்பே வினையாக ஆண்டிருந்தார். இன்று மூன்றும் நாளிதழ்களில் நாள்தோறும் வருகின்றன. பிராங்க்ளினின் மொழிப்பற்றை மதிக்கிறேன். எனினும் இந்த வழக்கில் தீர்ப்பு பேசுவோர் பக்கமே என்று உறுதியாக நம்புகிறேன்.

மனிதர் பெயரும் தப்பவில்லை. 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் குத்தகை விவசாயிகள் ஒன்றுகூடி ஒதுக்கிவைத்த நில முகவர் சார்லஸ் பாய்காட். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பெயர் வினையாகிவிட்டது.

இதற்கு எல்லையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வந்துசேர்தலுக்கு 'அரைவல்' என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால், 'அரைவ்' என்ற வினை பெயராவதில்லை. இருக்கும் சொல் புதுச்சொல்லை வரவிடாமல் தடுக்கிறது.

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒற்றைச் சொல்லைக் கொடுத்து 'இது என்ன சொல்?' என்று தேர்வில் கேட்பதை நிறுத்துவோம். வாக்கியம் கொடுத்துக் கேட்போம். தமிழிலேயே 'முதுகில் ஓர் அடி விழுந்தது' என்கிறோம். ஏவல் வினையான 'அடி' ஈறு பெறாமல் பெயராக நிற்கிறது. இதை முதனிலைத் தொழிற்பெயர் என்று பிள்ளைகள் தமிழ் வகுப்பில் படிக்கிறார்கள். அங்கிருந்தே 'லவ்', 'ஆன்சர்' ஆகியவற்றுக்கு அவர்களை அழைத்துப் போகலாம்.

இரண்டாவது ஒலி பற்றியது. 'ரெக்கார்ட்', 'ரெபெல்', 'பெர்மிட்' போன்ற சொற்களில் எழுத்து ஒன்றாக இருந்தாலும், பெயரானால் முதல் அசையிலும் வினையானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. தமிழில் அழுத்தம் இடம் மாறுவதால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. அதனால் நம் செவி இதற்குப் பழகவில்லை. லாரி ஓட்டுநர் வைத்திருக்கும் பெர்மிட்டையும், அனுமதித்தல் என்னும் வினையையும் நம்மில் பலர் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம். கரும்பலகையில் எழுதிக் காட்டினால் இந்த வேறுபாடு தெரியாது. ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லி, பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சொல்லவைத்துத்தான் பழக்க வேண்டும்.