இரண்டே புள்ளி



விடுதிக்குப் பின்னால் செம்மண்ணில் சடுகுடு ஆடி முட்டியைத் தேய்த்துக்கொண்டவன் நான். 2017-இல் புரோ கபடிக்குத் தமிழ் தலைவாஸ் வந்ததும் துள்ளினேன். நான்கு சீசன் பிளே-ஆஃப் பக்கமே போகலை.

2022-இல் பவன் செராவத்தை ரூ.2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போச்சு! தொலைஞ்சுதுன்னு டி.வி.யை அணைத்தேன். ஆனால் நரேந்தர் என்ற புதுப் பையன் ரெய்டில் மட்டும் 243 புள்ளி குவித்தார். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று தோற்றோம். அன்று ராத்திரி தூக்கமில்லை.

ஒரே குறை, இருவருமே வடக்கத்திக்காரர்கள். நம் பிள்ளைகள் இன்னும் மண்ணில்தான் ஆடுகிறார்கள். கபடி விரிப்பு வாங்க வாசலில் உண்டியல் வைத்திருக்கிறோம். போகும்போது மறந்துடாதீங்க.