அறுவைக்குப் பின் சிறுநீர்ப்பையைப் பேணுதல்
(ஸ்ரீரங்கத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடையே நிகழ்த்திய உரை)

 

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, அறுவையினால் உயிர் பிழைத்த பெண்கள் நம் ஊர்களில் இருக்கின்றார்கள். நோய் நீங்கிற்று என்று வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் சிறுநீர் சரியாகப் பிரிவதில்லை என்பதை அவர்களுட் பலர் எவரிடமும் சொல்வதில்லை. அந்த மௌனத்தைப் பற்றியே நாம் இன்று பேச வந்திருக்கின்றோம்.

இவ்வாறு நேர்வது ஏன்? 1898ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் வெர்த்தைம் தொடங்கிய முறையில், கருப்பையுடன் அதன் இரு பக்கத்துத் திசுக்களும் சேர்த்து அகற்றப்படுகின்றன. நோய் எஞ்சாதிருக்கவே அவ்வாறு செய்கின்றனர். ஆனால் சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நுண்ணிய நரம்புகள் அத்திசுக்களின் ஊடேதான் செல்கின்றன. அவற்றுட் சில அறுபடலாம். சில அதிர்ச்சியுற்றுச் சிறிது காலம் செயலற்றிருக்கலாம்.

முக்கொம்பை நாம் அனைவரும் அறிவோம். காவிரியில் வெள்ளம் பெருகினால், காவலிருப்போர் கண்டு கொள்ளிடத்து மதகுகளைத் திறக்கின்றனர். காவலிருப்போர் இல்லாவிடில் என்னாகும்? நரம்பு தளர்ந்த சிறுநீர்ப்பையின் நிலையும் அதுவே. பை நிறைந்தாலும் உணர்ச்சி எழாது. கழித்தாலும் முழுவதும் வெளியேறாது. தேங்கிய நீரில் கிருமி பெருகும், காய்ச்சல் வரும், கவனியாது விட்டால் சிறுநீரகமும் கெடக்கூடும்.

ஆகவே, கடிகாரத்தையே காவலாகக் கொள்ள வேண்டும். உணர்ச்சிக்குக் காத்திராமல் 3 அல்லது 4 மணி நேரத்திற்கு ஒரு முறை, முக்காமல், நிதானமாகக் கழிக்க வேண்டும். சற்றுப் பொறுத்து மீண்டும் ஒரு முறை முயல வேண்டும். எஞ்சும் நீரை மருத்துவமனையில் ஸ்கேன் மூலம் அளப்பார்கள். 100 மில்லி லிட்டரையோ அதனையொட்டிய அளவையோ எல்லையாகக் கொள்வது வழக்கம். அதற்கு மேல் எஞ்சினால், தூய மெல்லிய குழாயினால் தாமே நீரை வெளியேற்றச் செவிலியர் கற்றுத் தருவர். அதில் வெட்கத்திற்கு இடமில்லை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ நிலைமை சீராகின்றது.

சத்திரம் பேருந்து நிலையம் வரை செல்வதற்கும், வழியில் கழிப்பிடம் கிடையாதே என்றஞ்சித் தண்ணீர் குடியாதிருப்போர் உண்டு. அது தவறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீரில் இரத்தம், அடியோடு நீர் பிரியாமை ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே அறுவை செய்த மருத்துவரையோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையையோ நாட வேண்டும்.

வருமுன் காத்தலே சிறந்தது. நோய் சிறிதாயிருக்கையில் கண்டால் அறுவையும் சிறிதாகலாம். 2024இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியுடைய 700 பெண்கள் இரு பிரிவாகச் சிகிச்சை பெற்றனர். எளிய அறுவை பெற்றோர்க்கு நோய் திரும்புவது குறிப்பிடத்தக்கவாறு மிகவில்லை. 4 வாரங்களுக்குப் பின்னும் நீர் தேங்கும் தொல்லை அவர்களில் 0.6 சதவிகிதத்தினருக்கே இருந்தது. விரிந்த அறுவை பெற்றோரில் அது 9.9 சதவிகிதம். நம் அண்டை மாவட்டமாகிய திண்டுக்கல்லில் நடந்த எளிய பரிசோதனை இயக்கம் இந்நோயால் நேரும் மரணங்களை 35 சதவிகிதம் குறைத்ததென 2007இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

30 வயது கடந்த சகோதரிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அறுவை முடிந்து வந்த பெண் உங்கள் தெருவில் இருந்தால், ‘சிறுநீர் நன்றாகப் பிரிகின்றதா, அம்மா?’ என்று கேளுங்கள். அவள் வாய் திறப்பதற்கு அந்த ஒரு கேள்வியே போதும்.