நினைவு தளர்ந்தோர்க்குத் துணை நிற்றல்



திருவனந்தபுரத்துக் கரமனையில் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். தகப்பனார் எழுபதைக் கடந்தவர். பொழுது சாய்ந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும்" என்று வாசலுக்கு வருகிறார். "இதுதானே அப்பா நம் வீடு?" என்று மகன் சொல்லச் சொல்ல அவருக்குச் சினம் மூளுகிறது. உண்டு கைகழுவிய சற்று நேரத்தில், "இந்த வீட்டில் எனக்குச் சோறு போடுவாரில்லை" என்று அண்டை வீட்டாரிடம் முறையிடுகிறார். மகன் தலை குனிகிறான். மருமகள் கண் கலங்குகிறாள். இம்மூவரில் எவரும் குற்றவாளி அல்லர். குற்றம் நோயினுடையது, அதை அறியாமை துன்பத்தை இரட்டிப்பாக்குகிறது.

இந்நோய்க்கு மருத்துவர் வழங்கும் பெயர் டிமென்ஷியா. முதுமையில் வரும் சாதாரண மறதி வேறு, இது வேறு. சாவியை வைத்த இடத்தை மறப்பது இயல்பு. சாவி எதற்கென்பதையே மறப்பது நோய். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்ஸைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் 1906-இல் இதனை முதன்முதலில் விவரித்தார். 2021-இல் உலகெங்கும் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியாவுக்கு ஆளாகியிருந்தனர். நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோருள் சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

திருவனந்தபுரத்திலேயே இதைக் குறித்து அரிய பணி நடந்துள்ளது. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தைச் சார்ந்த டாக்டர் மதுரநாத்தும் அவருடைய குழுவினரும், ஐம்பத்தைந்து வயதைக் கடந்த 2,466 பேரை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 93 பேருக்கு நோய் உறுதிப்பட்டது. இதற்குமுன், கேம்பிரிட்ஜில் உருவான நினைவுச் சோதனை ஒன்றை 2004-இல் மலையாளத்துக்கு ஏற்ப அமைத்தவர்களும் இவர்களே. அயல்மொழியில் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமையை நோயென்று கொள்ளலாகாதன்றோ? கேரளத்தில் வாழும் தமிழ் முதியவரின் நிலையும் இதுவே. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் தளர்ந்து, தாய்மொழி மட்டும் எஞ்சுவதைப் பலரிடம் காண்கிறோம். ஆகவே, சோதனைக்குச் செல்கையில் அவருடைய மொழியையும் கல்வியையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி-12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றைக் குணப்படுத்த இயலும். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் மிகுந்தால், சிறுநீர்த் தொற்று முதலிய வேறு நோய் காரணமாயிருக்கலாம். உடனே மருத்துவரை நாட வேண்டும். அல்ஸைமர் நோயை முற்றும் போக்கும் மருந்து இன்னும் இல்லை. எனவே பராமரிப்பே பெருமருந்தாகிறது. பராமரிப்போ கற்றுக்கொள்ள வேண்டிய கலை.

இக்கல்வியில் கேரளம் முன்னோடி. 1992-இல் டாக்டர் ஜேக்கப் ராய் கேரளத்தில் இந்திய அல்ஸைமர் சங்கத்தை நிறுவினார். கேரள அரசு 2014-இல் 'ஸ்மிருதி பதம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கோவாவில் உள்ளூர் மக்களுக்கே பயிற்சி அளித்து வீடுகளுக்கு அனுப்பிய ஆய்வு ஒன்றின் முடிவு 2008-இல் வெளிவந்தது. அவர்கள் சென்ற வீடுகளில், பராமரிப்போரின் மனச்சுமை குறைந்ததென்று அது காட்டியது. பெரும் பட்டம் பெற்றவர்தாம் இதைக் கற்பிக்க வேண்டுமென்பதில்லை.

பயிற்சியில் கற்பிப்பது யாது? முதற்பாடம், வாதாடாதிருத்தல். நோயாளியைத் திருத்த முயன்றால் உண்மை நிலைக்காது, அவமானம் மட்டும் நிலைக்கும். இரண்டாவது, ஒழுங்கு: குளியலும் உணவும் உறக்கமும் நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே முறையில் அமைய வேண்டும். மூன்றாவது, ஒரு சமயத்தில் ஒரே செய்தியைச் சிறு வாக்கியத்தில், எதிரே நின்று சொல்லுதல். நான்காவது, காப்பு: குளியலறையில் வழுக்காத தரை, இரவில் மெல்லிய விளக்கு, சட்டைப்பையில் முகவரிச் சீட்டு. ஐந்தாவது, பராமரிப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளுதல். அவர் சோர்ந்தால் இருவரும் வீழ்வர். மருத்துவரும் செவிலியரும் கற்க வேண்டியது ஒன்றுண்டு: நோயாளி எதிரே அமர்ந்திருக்க, அவர் இல்லாதவர் போல உறவினரிடம் மட்டும் பேசலாகாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தனியே இரண்டு சொற்கள் உண்டு. பெற்றோரை முறை வைத்து, மூன்று மாதம் பம்பாயில், மூன்று மாதம் பெங்களூரில், மூன்று மாதம் திருவனந்தபுரத்தில் என்று மாற்றிக்கொண்டிருக்கிறோம். இது நியாயமான பங்கீடாகத் தோன்றலாம். ஆயினும் நினைவு தளர்ந்தவருக்கு ஒவ்வொரு புது வீடும் ஒரு காடு. அவர் ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் முறை வைத்து அங்கே வரட்டும். வர இயலாதவர் பொருள் உதவட்டும்; பராமரிப்பவரைத் தொலைபேசியில் குறை கூறாதிருப்பதும் உதவியே. இரண்டாவது, வீட்டில் அமர்த்தும் பணிப்பெண் மலையாளம் மட்டுமே அறிந்தவராயின், "வலிக்கிறதா, தாகமா, பயமா" என்பன போன்ற சில தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அன்றாடம் அச்சொற்கள் ஆற்றும் பணி பெரிது.

உதவி நாடுவோர் முதியோருக்கான 14567 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

மீண்டும் கரமனைக்கு வருவோம். பயிற்சி பெற்ற மகன் இப்போது மறுப்பதில்லை. "போகலாம் அப்பா" என்று செருப்பை எடுத்து வைக்கிறான். இருவரும் தெருமுனை வரை நடக்கிறார்கள். "அந்த வீட்டுத் திண்ணை பெரியதா, அப்பா?" என்று கேட்கிறான். தகப்பனார் திண்ணையைச் சொல்கிறார், கிணற்றைச் சொல்கிறார், தம் தாயாரைச் சொல்கிறார். சினம் தணிகிறது. திரும்பி வந்து வாசற்படி ஏறும்போது, "இது யார் வீடு?" என்கிறார். "நம்மை எதிர்பார்த்திருக்கிறார்கள், வாருங்கள்" என்கிறான் மகன். அவரும் உள்ளே வருகிறார்.